பழைய மண் பைப்பில் புதிய பிவிசி கழிவுக் குழாயை இணைப்பது: தோண்டுவது முதல் மூடுவது வரை

வீட்டுக்குள் பாத்ரூம், சமையலறைக் கழிவுக் குழாய்களை பிவிசிக்கு மாற்றிவிட்டீர்கள். வெளியே செப்டிக் டேங்குக்கோ தெருச் சாக்கடைக்கோ போவது மட்டும் நாற்பது, ஐம்பது வருடத்துப் பழுப்பு நிற ஸ்டோன்வேர் பைப். கடைக்காரர்கள் எஸ்.டபிள்யூ. பைப் என்பார்கள், கொத்தனார்கள் மண் பைப் என்பார்கள். இந்த இரண்டும் சேரும் ஓர் அடி நீள இடத்தைப் பற்றியதுதான் இந்த வழிகாட்டி.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பாத்ரூமில் தொடங்கி வெளியே பைப் போட்டுக்கொண்டு வருவார்கள். கடைசியில் மண் பைப்பின் வாய்க்கு வந்து சேரும்போது பிவிசி இரண்டு இன்ச் கீழே நிற்கும். வேலையை மண் பைப்பில் தொடங்கி வீட்டை நோக்கிப் போங்கள். அந்த வாயின் மட்டத்தை மாற்ற முடியாது, மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம்.

ஓர் எல்லையும் உண்டு. உங்கள் மனைக்குள் இருக்கும் கடைசி சேம்பர் (கழிவுப் பாதையின் நடுவே மூடி போட்டுக் கட்டிய சிறு தொட்டி) வரைதான் உங்கள் வேலை. அங்கிருந்து தெருவுக்குப் போகும் இணைப்பில் கை வைக்க வேண்டுமென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது குடிநீர் வாரியத்தின் அனுமதி வேண்டும்.

1. இருப்பது மண் பைப்தானா, அது உயிரோடு இருக்கிறதா?

ஸ்டோன்வேர் பைப் பழுப்பு நிறம், உள்ளும் புறமும் கண்ணாடி போன்ற மினுமினுப்பு. இரண்டு, மூன்று அடிக்கு ஒரு சாக்கெட், அதாவது அடுத்த பைப்பின் முனை நுழையும் அகன்ற வாய், இருக்கும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, உடைந்த முனையில் நார் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப். அதை கிரைண்டரால் அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் வேறு வழிமுறை.

மண் பைப் என்று உறுதியானதும் அது இன்னும் உழைக்குமா என்று பாருங்கள். இரண்டு சேம்பர் மூடிகளையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. ஒரு சேம்பரில் டார்ச் அடித்து, அடுத்த சேம்பரில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பைப்புக்குள் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் பைப் நேராக இருக்கிறது. பிறை போலத் தெரிந்தால் நடுவில் இறங்கியிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அடைப்பு, அல்லது பைப் விலகியிருக்கிறது. பிறகு மேல் சேம்பரில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கீழ்ச் சேம்பருக்கு மண்ணும் வேர்த்துண்டும் அடித்துக்கொண்டு வந்தால், ஏதோ ஒரு ஜாயிண்ட் வழியாக வேப்பமரமோ முருங்கையோ உள்ளே நுழைந்திருக்கிறது.

பிறை தெரிகிறது, சேம்பர்களுக்கு இடையே பதினைந்து அடிதான் என்றால் இணைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மண் பைப்பை முழுவதும் எடுத்துவிட்டு சேம்பரிலிருந்து சேம்பருக்கு பிவிசி போட்டுவிடுங்கள். செத்த பைப்பில் நல்ல ஜாயிண்ட் போடுவது வீண் செலவு.

2. அளவு: 110-ம் 100-ம் ஒன்றுதான், 110-ம் 150-ம் அல்ல

மண் பைப்பை உள்விட்டத்தால் சொல்வார்கள், பிவிசியை வெளிவிட்டத்தால். கடையில் பாதிக் குழப்பம் இதனால்தான்.

நான்கு இன்ச் மண் பைப்பின் உள்விட்டம் 100 மி.மீ. சுவர் சுமார் 12 மி.மீ. ஆக வெளிவிட்டம் 124-ஐ ஒட்டி வரும். இதற்குச் சரியான ஜோடி 110 மி.மீ. பிவிசி. ஆறு இன்ச் மண் பைப்பின் உள்விட்டம் 150 மி.மீ., அதற்கு ஜோடி 160 மி.மீ. பிவிசி.

வீட்டிலிருந்து 110 வருகிறது, வெளியே 150 மண் பைப் என்றால், 110-ஐ அந்தப் பெரிய வாயில் நுழைத்துச் சுற்றிலும் கலவையை அப்பாதீர்கள். இரண்டு விரல் அகலத்துக்கு நிற்கும் கலவை காய்ந்து சுருங்கி வெடிக்கும். 110-க்கு 160 ரிடியூசர் (சின்ன பைப்பைப் பெரிய பைப்போடு சேர்க்கும் துண்டு) போட்டு, 160 துண்டை மண் பைப்புக்குள் விடுங்கள். ரிடியூசரின் அடிப்பக்கத்தில் தண்ணீர் தேங்காதபடி சாய்வு இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக, அதாவது பெரிய பிவிசியைச் சின்ன மண் பைப்பில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அடைப்பு அந்த இடத்தில்தான் உட்காரும்.

பிவிசி வாங்கும்போது ஐ.எஸ். 13592 முத்திரையும் ‘டைப் பி’ என்ற எழுத்தும் பைப்பின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 110 மி.மீ.யில் டைப் பி-யின் சுவர் 3.2 மி.மீ., டைப் ஏ-யில் 2.2 மி.மீ.தான். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது. அதை மண்ணுக்குள் கழிவுக்குப் போட்டால் மண்ணின் பாரத்தில் முட்டை வடிவமாகிவிடும்.

3. எந்த இடத்தில் சேர்ப்பது?

மூன்று வழிகள் உண்டு.

மண் பைப்பின் சாக்கெட்டுகள் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்கும். வீட்டுப் பக்கத்துப் பைப் துண்டைக் கழற்றினால் ஒரு முழு சாக்கெட் வாயைத் திறந்தபடி உங்களைப் பார்த்து நிற்கும். பிவிசியை அதற்குள் விடலாம். செலவு குறைந்த வழி இது.

சாக்கெட் உடைந்துவிட்டால், அல்லது பைப்பை நடுவில் வெட்ட நேர்ந்தால், இரண்டு பைப்பின் முனைகளையும் வெளியே சுற்றிப் பிடிக்கும், ஸ்டீல் பட்டை போட்ட ரப்பர் உறை தேவை. இதை ரப்பர் ஸ்லீவ் என்பார்கள்.

இடம் இருந்தால் மூன்றாவது வழிதான் சிறந்தது. இணைப்பு விழும் இடத்திலேயே ஒரு சேம்பர் கட்டிவிடுங்கள். ஒரு சுவரில் பிவிசி நுழையும், எதிர்ச் சுவரில் மண் பைப் வெளியேறும். இரண்டும் ஒன்றையொன்று தொடாததால் ஒன்று இறங்கினாலும் மற்றொன்று உடையாது. அடைப்பு வந்தால் கம்பி விட வழியும் கிடைக்கும். கழிவறைப் பைப் வளைந்து சேரும் இடமென்றால் யோசிக்காமல் சேம்பர் போடுங்கள்.

விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் முதல் வழியைத் தவிர்ப்பது நல்லது. மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும் அந்த மண் விறைப்பான சிமெண்ட் ஜாயிண்டை இரண்டு பருவத்துக்குள் பிளந்துவிடும்.

4. தோண்டுவதற்கு முந்தைய நாளே கையில் இருக்க வேண்டியவை

பைப்பைத் திறந்த பிறகு கடைக்கு ஓடினால் வீட்டில் யாரும் கழிவறைக்குப் போக முடியாது. டைப் பி பைப், ரப்பர் ரிங் வைத்த சாக்கெட், 45 டிகிரி பெண்டுகள் (வளைவுகள்), கதவு வைத்த ஒரு பெண்ட், சால்வெண்ட் (பிவிசி ஒட்டும் பசை), தார் தோய்த்த சணல், சிமெண்ட், சலித்த மணல், கிரைண்டரும் டைமண்ட் பிளேடும், சிற்றுளி, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்), பழைய சாக்கு. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ரப்பர் ஸ்லீவ் எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. இணையத்தில் வாங்குவதானால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் மண் பைப்பின் ஓரிடத்தைத் தோண்டி, நூலால் சுற்றளவை எடுத்து 3.14-ஆல் வகுங்கள். சுற்றளவு 39 செ.மீ. என்றால் விட்டம் 124 மி.மீ. கையால் செய்த பழைய பைப்புகளில் நான்கைந்து மி.மீ. கூடும், குறையும். அதனால் ‘நாலு இன்ச்’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

பிவிசியின் முனையையும் முந்தைய நாளே தயார் செய்ய வேண்டும். சிமெண்ட் கலவை வழவழப்பான பிவிசியில் ஒட்டாது, காய்ந்ததும் மயிரிழை விட்டு விலகும். கசிவும் வேரும் நுழைவது அந்த இழையில்தான். பைப் முனையில் மூன்று இன்ச் நீளத்துக்கு உப்புத்தாள் தேய்த்து, சால்வெண்டைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பருமணலில் உருட்டி எடுத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் முனை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். கலவை அதைப் பிடித்துக்கொள்ளும்.

5. மட்டம் பாருங்கள், பிறகு தோண்டுங்கள்

நான்கு இன்ச் பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று சாய்வு: மீட்டருக்கு 25 மி.மீ., கொத்தனார் கணக்கில் பத்தடிக்கு மூன்று இன்ச். ஆறு இன்ச்சுக்கு அறுபதுக்கு ஒன்று, அதாவது பத்தடிக்கு இரண்டு இன்ச்.

மண் பைப் வாயின் அடிமட்டத்துக்கும் பாத்ரூம் வெளியேற்றத்தின் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டியூப் லெவலால் எடுங்கள். தூரம் 6 மீட்டர் என்றால் 150 மி.மீ. உயரம் தேவை. கிடைக்கவில்லை என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பாத்ரூம் தளத்தை உயர்த்தலாம், அல்லது சுற்றிப் போகும் பாதையைச் சுருக்கலாம்.

மண் பைப்பை நெருங்கும்போது கடப்பாரையை வைத்துவிட்டுக் கரண்டியால் தோண்டுங்கள். இணைப்பு இடத்தில் பைப்பின் அடியில் ஆறு இன்ச் ஆழம் கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கத்தில் கை நுழையாது, கலவை அங்கே போகாது. கசிகிற ஜாயிண்டுகளில் பெரும்பாலானவை அடியில்தான் கசியும். அப்படியே விடப்போகும் பைப்பின் கீழே மட்டும் மண்ணைத் தோண்டாதீர்கள். அந்தரத்தில் நின்றால் அடுத்த ஜாயிண்டில் முறியும். மழைக்காலத்தில் குழிக்குள் ஊற்று எடுக்கும் இடங்களில் இந்த வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

6. பழைய பைப்பைக் கழற்றுவது

முதலில் மண் பைப்பின் வாய்க்குள் சாக்கை உருட்டி அடைத்து, அதில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை வெளியே ஓர் ஆணியில் மாட்டுங்கள். உடைசல் உள்ளே போகாமல் இருக்க அது. கயிறில்லாத சாக்கை மறந்து மூடிவிட்டு, ஒரு வாரத்தில் அடைப்பு என்று மறுபடி தோண்டுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

எடுக்க வேண்டிய துண்டை நடுவில் உடையுங்கள், சாக்கெட்டின் அருகே அடிக்காதீர்கள். மண் பைப்பில் விரிசல் நீளவாக்கில் ஓடும், நீங்கள் காப்பாற்ற நினைக்கும் துண்டு வரை போய்விடும். நடுவை உடைத்த பிறகு சாக்கெட்டுக்குள் மாட்டியிருக்கும் முனையையும் பழைய கலவையையும் சிற்றுளியால், உளி முனை பைப்பின் மையத்தைப் பார்க்கும்படி வைத்து, சிறு தட்டாகத் தட்டி எடுங்கள். வெளிப்பக்கம் நெம்பினால் சாக்கெட் உதடு பெயர்ந்துவிடும்.

நடுவில் வெட்டுவதானால் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒருவர் தண்ணீர் தெளிக்க மற்றவர் கிரைண்டரால் இரண்டு மி.மீ. ஆழமாகச் சுற்றிச் சுற்றி வெட்டுங்கள். ஒரே இடத்தில் முழு ஆழத்துக்கு அழுத்தினால் பைப் சில்லு தெறிக்கும். தண்ணீர் தூசியை அடக்கும். கிரைண்டரின் பிளக்கும் ஒயரும் குழிக்கு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும், இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாத லைனில் இந்த வேலை வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் மிஞ்சிய பைப்பை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. உடைந்த மண்சட்டி போல ‘சொத்’ என்றால் விரிசல் இருக்கிறது, அந்தத் துண்டையும் எடுத்துவிட்டு அடுத்த சாக்கெட்டுக்குப் போங்கள்.

7. சாக்கெட்டுக்குள் பிவிசியைப் பொருத்துவது

இந்தப் பகுதிக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

சாக்கெட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, ஈரமாக ஆனால் தண்ணீர் நிற்காமல் வையுங்கள். காய்ந்த மண் பைப் கலவையின் நீரை உறிஞ்சிக் கலவையைப் பொடியாக்கும்.

சாக்கின் கயிற்றை பிவிசி வழியாக வெளியே எடுத்துக்கொண்டு, மணல் ஒட்டிய பிவிசி முனையை உள்ளே விட்டு, சாக்கெட்டின் உள் விளிம்பில் முட்டும்வரை தள்ளுங்கள். நான்கு இன்ச் சாக்கெட்டின் ஆழம் சுமார் 50 மி.மீ. பிவிசியின் உள்விட்டம் 103 மி.மீ. சொச்சம், மண் பைப்புக்கு 100. ஆகவே சரியாக மையத்தில் வைத்தால் சுற்றிலும் இரண்டு மி.மீ.க்கும் குறைவான படிதான் நிற்கும். பிவிசியைச் சாக்கெட்டின் அடியில் படுக்க விட்டால் தண்ணீர் ஓடும் வழியில் முழுக் கனத்துக்கு ஒரு படி எழும்பி நிற்கும், முடியும் துணியும் அதில் மாட்டும். மையத்தைப் பிடிப்பது சணலின் வேலை.

தார் சணலை விரல் கனத்துக்கு முறுக்கி, பிவிசியைச் சுற்றி ஒரு சுற்று போட்டு, மரத்துண்டால் உள்ளே திணியுங்கள். சாக்கெட் ஆழத்தில் கால்பங்கு, அதாவது 12 முதல் 15 மி.மீ. போதும். அடிப்பக்கம் சற்று அதிகமாகத் திணித்து பிவிசியைத் தூக்குங்கள். கைவிட்டுத் தடவிப் பாருங்கள், சணல் நுனி பைப்புக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

கலவை ஒன்றுக்கு ஒன்று. ஒரு நான்கு இன்ச் ஜாயிண்டுக்கு, கீழே விழுவதையும் சேர்த்து, ஒன்றரைக் கிலோ சிமெண்டும் அதே அளவு சலித்த மணலும் தாராளம். பதம் புட்டுமாவை விடக் கொஞ்சம் ஈரம்: கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. தளர்ந்த கலவை மேலிருந்து கீழே வடிந்து மேற்பக்கத்தில் வெற்றிடம் விடும்.

அடியிலிருந்து தொடங்குங்கள். சிறு சிறு பிடியாக வைத்து, மரத்துண்டால் இறுக்கித் திணித்து, இரு பக்கமாக மேலே ஏறுங்கள். சாக்கெட் நிறைந்ததும் வெளியே 45 டிகிரிச் சாய்வாகக் கலவையை வழித்து பிவிசியில் சேருங்கள். இப்போது சாக்கை இழுத்து எடுத்து, உள்ளே பிதுங்கிய கலவை இருந்தால் ஒரு குச்சியில் துணி சுற்றி வழித்துவிடுங்கள்.

சிலிகான், எபாக்ஸி மாவு, வெள்ளை சிமெண்ட் எதுவும் இதற்கு மாற்று அல்ல. மினுமினுப்பும் ஈரமும் சேர்ந்த மண் பைப்பில் அவை ஒட்டியதுபோல இருந்து மொத்தமாகக் கழன்று வரும்.

முதல் 24 மணி நேரம் அந்த வழியில் தண்ணீர் விடாதீர்கள். ஜாயிண்டைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் நனைத்துக்கொண்டிருங்கள்.

8. ரப்பர் ஸ்லீவ் போடுவதானால்

மண் பைப்பின் வெட்டு முனையிலுள்ள கூர்களை உரசிச் சமமாக்குங்கள். ஸ்லீவை முதலில் பிவிசியில் முழுவதும் ஏற்றி, இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து, ஸ்லீவைப் பாதி மண் பைப்புக்கு இழுத்து விடுங்கள். பட்டைகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போனால் ஸ்லீவ் முறுக்கிக்கொள்ளும். இறுக்கும் முன்பே இரண்டு பைப்புக்கும் அடியில் மணலைக் கெட்டித்திருக்க வேண்டும். ரப்பர் வளையும், பாரத்தைத் தாங்காது.

ஸ்லீவ் கிடைக்காதபோது சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது உண்டு. கம்பி துருப்பிடித்து அறும் நாள்வரைதான் அது தாங்கும். அதைவிட சேம்பர் கட்டுங்கள்.

9. சேம்பர் கட்டுவதானால்

ஆழம் இரண்டு அடிக்குள் என்றால் உள்ளளவு ஒன்றரை அடிக்கு இரண்டு அடி போதும். அடியில் நான்கு இன்ச் கான்கிரீட், செங்கல் சுவர், உள்ளே ஒன்றுக்கு மூன்று கலவையில் பூச்சு. தரையைத் தட்டையாக விடாதீர்கள். பிவிசி வாயிலிருந்து மண் பைப் வாய்க்கு அரைவட்டக் கால்வாய் வெட்டி, இரு பக்கமும் கால்வாயை நோக்கி அடிக்கு இரண்டு இன்ச் சாய்வு கொடுங்கள். தட்டைத் தரையில் மலம் ஒதுங்கிக் காய்ந்து நாறும்.

சுவருக்குள் போகும் பிவிசிக்கும் மணல் ஒட்டும் வேலை உண்டு. சுவரிலிருந்து இரண்டு அடிக்குள் ஒரு ரப்பர் ரிங் ஜாயிண்ட் வையுங்கள். சேம்பர் கனத்தில் கொஞ்சம் இறங்கும்போது பைப் முறியாமல் அந்த ரிங்கில் சற்றே மடங்கிக்கொள்ளும்.

10. அங்கிருந்து வீட்டை நோக்கி

பிவிசி சூட்டில் நீளும். மதிய வெயிலில் கிடந்த 6 மீட்டர் பைப் இருபது டிகிரி குளிர்ந்தால் சுமார் 8 மி.மீ. சுருங்கும். எல்லா ஜாயிண்டையும் சால்வெண்டில் ஒட்டியிருந்தால் அந்தச் சுருக்கம் நேற்று போட்ட சிமெண்ட் ஜாயிண்டை இழுக்கும். மண் பைப்புக்குப் பக்கத்து முதல் ஜாயிண்டை ரப்பர் ரிங்காக வைத்து, பைப்பை முழுக்கத் தள்ளிப் பிறகு 10 மி.மீ. பின்னுக்கு இழுத்து விடுங்கள்.

பைப்புக்கு அடியில் நான்கு இன்ச் மணல். மட்டத்துக்காக வைத்த செங்கல் துண்டுகளை மூடும் முன் எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் பைப் அந்தக் கல்லின் மேல் மட்டும் நிற்கும், கல் வைத்த இடத்தில் நசுங்கும்.

கழிவறைப் பைப் நேராக சேம்பருக்குப் போக வேண்டும். குளியல், சமையலறை, துணி துவைக்கும் தண்ணீர் கல்லி டிராப் (நாற்றம் திரும்பி வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வழியாகப் போக வேண்டும், அதில் 50 மி.மீ. தண்ணீராவது எப்போதும் நிற்க வேண்டும். பழைய மண் கல்லி டிராப் நன்றாக இருந்தால் 75 மி.மீ. பிவிசியை அதன் ஜாலிக்குக் கீழே, நீர்மட்டத்துக்கு மேலே விடுங்கள். மாடியிலிருந்து வரும் மழைநீரை இதில் சேர்க்காதீர்கள். ஒரே மழையில் செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவு பாத்ரூமுக்குத் திரும்பும்.

செப்டிக் டேங்க் வாயில் அடைப்பு என்று தெரிந்தாலும் அதற்குள் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைக் கொல்லும். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட. கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

11. மூடுவதற்கு முன் சோதனை

பிவிசி பகுதிக்கு: கீழ்முனையை டெஸ்ட் பிளக்கால் (சோதனைக்குப் பைப் வாயை அடைக்கும் மூடி) அடைத்து, பாத்ரூம் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, கோடு போட்டு அரை மணி நேரம் பாருங்கள். சாக்கெட் ஜாயிண்ட் வழி என்றால் பைப்பை மண் பைப்பில் பொருத்தும் முன்பே, குழியில் மட்டமாகப் படுத்திருக்கும்போதே இதைச் செய்துவிடுவது எளிது.

சிமெண்ட் ஜாயிண்டுக்கு: 24 மணி நேரம் கழித்து, மேலுள்ள ஈரச் சாக்கை எடுத்து, வெளிப்பக்கம் உலர்ந்ததும் அடியில் செய்தித்தாளை விரியுங்கள். ஐந்து வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுங்கள். தாளில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மேலே பூசிச் சமாளிக்காதீர்கள். கலவையைத் தோண்டி எடுத்துவிட்டு, சணலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

12. மூடுதல்

பைப்பின் இரு பக்கமும் மணலைக் காலால் மிதித்துக் கெட்டித்து, மேலே ஓர் அடி வரை கல் இல்லாத மண்ணைப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் தோண்டிய மண். கார் ஏறும் இடத்தில் பைப் இரண்டு அடிக்குக் குறைவான ஆழத்தில் இருந்தால் மேலே சிமெண்ட் ஸ்லாப் வையுங்கள். ஸ்லாபின் இரு முனையும் குழிக்கு வெளியே தோண்டாத மண்ணில் உட்கார வேண்டும், பைப்பைத் தொடக் கூடாது.

மூடும் முன் ஒரு படம் எடுத்து, சுவரிலிருந்து ஜாயிண்ட் எத்தனை அடி என்று வீட்டுப் பத்திரத்தோடு எழுதி வையுங்கள்.

முதல் பெருமழை விட்ட மறுநாள், வீட்டில் எந்தக் குழாயும் திறக்காத நேரத்தில் கீழ்ச் சேம்பரைத் திறந்து பாருங்கள். தெளிந்த நீர் நூலாக ஓடிக்கொண்டிருந்தால் நிலத்தடி நீர் எங்கோ உள்ளே வருகிறது. புதிய ஜாயிண்டுக்கு மேலே மண் இறங்கிப் பள்ளம் விழுந்திருந்தால் அங்கேயே தோண்டுங்கள். பள்ளம் இல்லையென்றால் நீங்கள் தொடாமல் விட்ட பழைய ஜாயிண்டுகளில் ஒன்றுதான் அது, கண்ணாடியையும் டார்ச்சையும் மறுபடி எடுங்கள்.